தாழ்மை யாருடைய வேலை?

(பரமட்டாவில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்த மண் தாருக் மக்களின் மண். அவர்களுள் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த புரமட்டகல் குலத்தாரின் பெயரைத்தான் நாம் தினமும் ரயில் நிலையத்தில் வாசித்துக்கொண்டு இறங்குகிறோம். வந்தேறியாகிய நான், மண்ணுக்குரியவர்களை முதலில் வணங்கிவிட்டுப் பேசத் தொடங்குகிறேன்.

தாழ்மையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தாழ்மையும் சமத்துவமும் இன்றைய தலைப்பு. இந்தத் தலைப்பில் நாம் எத்தனை பிரசங்கங்கள் கேட்டிருப்போம்! ஓய்வுநாள் பள்ளியில் கேட்டோம். இளைஞர் கூட்டத்தில் கேட்டோம். திருமண ஆராதனையில் மணமகளைப் பார்த்துப் போதகர் சொல்லக் கேட்டோம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தப் போதனை யாரை நோக்கி வந்தது? மருமகளைப் பார்த்துத் தாழ்மையாயிரு என்றோம். மாமியாரைப் பார்த்துச் சொன்னோமா? வேலைக்காரனைப் பார்த்துச் சொன்னோம். முதலாளியைப் பார்த்துச் சொன்னோமா? ஊர் ஓரத்திலிருந்து கோயிலுக்கு வந்தவனைப் பார்த்துச் சொன்னோம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து என்றைக்காவது சொன்னோமா?

ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவனிடம் தாழ்மையைப் போதிப்பது கொடுமை. அதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. பிலிப்பி சபைக்குப் பவுல் எழுதியதை வீட்டுக்குப் போய் எடுத்து வாசியுங்கள். அங்கே கீழே இறங்குகிறவர் யார்? தேவனுக்குச் சமமாயிருந்தவர். அவர் அடிமையின் கோலம் எடுக்கிறார். கடைசி இராவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தவர் யார்? அந்த அறையில் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் அழைக்கப்பட்டவர். கால் கழுவும்படி அவர் முதலில் யாரையும் ஏவவில்லை. தாமே கழுவினார். தாழ்மை மேலே இருப்பவரின் வேலை. இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். அதை விளக்குவதற்கு நான் வெகு தூரம் போக வேண்டியதில்லை. இந்தப் பரமட்டாவே போதும்.

நகரத்தின் நடுவே இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் பரிசுத்த யோவான் ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1803-ஆம் ஆண்டிலிருந்து அந்த இடத்தில் ஆராதனை நடந்துவருகிறது. அதன் ஆதிக் குருவானவர் சாமுவேல் மார்ஸ்டன். யார்க்ஷயரில் ஓர் எளிய கிராமக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழைப் பிள்ளைகளைக் குருத்துவத்துக்குப் படிக்கவைக்கும் ஒரு சங்கத்தின் உதவியால் கேம்பிரிட்ஜ் வரை போனார். 1794-இல் இங்கே வந்தார். உழைப்பாளி. 1814-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று நியூசிலாந்து மண்ணில் பிரசங்கம் செய்தவரும் இவரே. இதெல்லாம் உண்மை. ஆனால் அவர் குருவாக மட்டும் இருக்கவில்லை, நீதிபதியாகவும் இருந்தார். கப்பலேற்றி இங்கே அனுப்பப்பட்ட கைதிகளுக்கு அவர் விதித்த கசையடிகளால் ‘கசையடிப் பாதிரி’ என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

1810-இல் இந்தக் குடியேற்றத்தின் ஆளுநராக லாக்லன் மெக்குவரி பதவிக்கு வந்தார். அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. தண்டனைக் காலத்தை முடித்த கைதி, முடித்த அன்றே மற்ற எவருக்கும் சமமான மனிதன். பழையதைக் கிளறக் கூடாது. சொல்லோடு அவர் நிற்கவில்லை. அப்படிப்பட்டவர்களைத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தார். அந்த ஆண்டே ஹாக்ஸ்பரிப் பக்கம் போகும் சுங்கச் சாலையை மேற்பார்வையிட மூன்று பேரை அறங்காவலராக நியமித்தார். ஒருவர் குருவானவர் மார்ஸ்டன். மற்ற இருவரும் சிமியோன் லார்ட், ஆண்ட்ரூ தாம்ஸன். இருவருமே திருட்டுக் குற்றத்துக்காகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். தண்டனை முடிந்து, தம் உழைப்பால் உயர்ந்தவர்கள்.

மார்ஸ்டன் மறுத்துவிட்டார். இவர்களோடு ஒரே குழுவில் உட்கார மாட்டேன், அது என் குருத்துவத்துக்கு இழுக்கு என்றார். அவர்களுடைய ஒழுக்கம் சரியில்லை என்றும் வாதாடினார். ஆளுநருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பகை மெக்குவரி கப்பலேறும் வரை தீரவில்லை. மார்ஸ்டன், மெக்குவரி இருவர் பெயரையும் தாங்கிய வீதிகள் இன்றும் பரமட்டா நடுவே குறுக்காகச் சந்திக்கின்றன.

அந்த ஆண்ட்ரூ தாம்ஸன் யார் தெரியுமா? ஸ்காட்லாந்துக்காரர். 14 ஆண்டுத் தண்டனையோடு, இளவயதிலேயே இங்கே வந்து சேர்ந்தவர். ஹாக்ஸ்பரி ஆறு பெருக்கெடுத்து ஊர்களை விழுங்கியபோது படகை எடுத்துக்கொண்டு போய்க் கூரைகளில் தவித்தவர்களை மீட்டவர். அந்த வெள்ளத்தில் நனைந்து கெட்டுப்போன உடம்பு அவருக்குப் பிறகு தேறவேயில்லை. 1810 அக்டோபரிலேயே இறந்துபோனார். மெக்குவரி அவருடைய கல்லறையில் நீண்ட புகழுரை ஒன்றைப் பொறிக்கச் செய்தார். உயிரைப் பணயம் வைத்து மற்றவர்களைக் காத்த மனிதன் ஒரு பக்கம். அவனோடு ஒரே மேசையில் உட்காராத குருவானவர் மறுபக்கம். நல்ல சமாரியனின் கதையைச் சொன்னவர் அந்த அறைக்குள் வந்திருந்தால் யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்?

ஆனால் ஒன்று. மெக்குவரியைப் புனிதராக்கிவிட வேண்டாம். கைதிகளுக்குச் சமமான இடம் கொடுத்த அதே கைதான் 1816-இல் இந்த மண்ணின் மக்கள்மீது படையை ஏவியது. அந்த ஏப்ரலில் ஆப்பின் பக்கத்தில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். சமத்துவம் பேசுகிறவன்கூட எங்கோ ஓர் இடத்தில் கோடு போட்டுக்கொண்டு, அதற்கு அப்பால் இருப்பவனை மனிதக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறான். இதை நாம் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த நோய் நல்லவர்களையும் பிடிக்கும்.

அதே மெக்குவரி பரமட்டாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைத்த பள்ளி அது, அந்தத் துயரத்தை மறைக்க முடியாது. 1819-இல் நடந்த பொதுத் தேர்வில், வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏறத்தாழ நூறு பேர் எழுதிய தேர்வில், முதல் பரிசை வாங்கியவள் அந்தப் பள்ளியின் 14 வயதுச் சிறுமி. அவள் தாருக் தலைவர் யாரமுண்டியின் மகள் மரியா என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பின்னாளில் மரியா, இறந்துபோன தம் சகோதரனுடைய நிலத்துக்காக ஆளுநருக்கே மனு எழுதினார். கீழே வைக்கப்பட்டவர்களிடம் திறமை இல்லாமல் போனதே இல்லை. அவர்களுக்கு இடம் கொடுக்கத்தான் யாரும் எழுந்திருக்கவில்லை.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். இப்போது ஒரு செய்தி சொல்கிறேன். கேட்டால் வியப்பீர்கள். 1824-இலிருந்து 1835 வரை பரமட்டா ஆலயமும் தஞ்சாவூர் ஆலயமும் ஒரே பேராயத்தில் இருந்தன! ஆம், ஆஸ்திரேலியத் திருச்சபை கல்கத்தாப் பேராயத்தின் ஒரு பகுதியாக இருந்த காலம் அது. 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டாரே பேராயர் ஹீபர், திருச்சியில் கல்லூரிக்கே அவர் பெயர் வைத்திருக்கிறோமே, அவர்தான் பரமட்டாவுக்கும் பேராயர். நம் ஊர்க் கோயிலும் இந்த ஊர்க் கோயிலும் ஒரு காலத்தில் உடன்பிறப்புகள். உடன்பிறப்புகளுக்கு நோயும் ஒன்றாகவே இருந்தது.

தஞ்சாவூரில் என்ன நடந்தது? ஷ்வார்ட்ஸ் ஐயர் கட்டியெழுப்பிய சபை அது. வேதநாயக சாஸ்திரியார் பாடிய சபை. அங்கே சாதிக்குச் சாதி வேறு வேறு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திருவிருந்துக்கு வேறு வேறு நேரத்தில் வந்தார்கள். ஒரு காலத்தில் பாத்திரமே வேறாக இருந்தது. கிறிஸ்துவின் இரத்தம் என்று சொல்லிக் கொடுக்கப்படும் பாத்திரம், சகோதரரே! அதிலும் தீட்டுப் பார்த்தோம்.

அதற்கும் முன்னால் ஒரு மனிதர். ராஜநாயக்கன். பறையர் குலத்தில் பிறந்தவர், தஞ்சாவூர் அரசரின் படைவீரர். அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷத்தைத் தாமே வாசித்து விசுவாசத்துக்கு வந்தவர். தரங்கம்பாடி மிஷனின் உபதேசியாராகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தார். 1733-இல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் வந்தது. தகுதியில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் இவர் கையால் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்களே என்று மிஷனரிமார் பின்வாங்கினார்கள். வேறொருவருக்கு அபிஷேகம் நடந்தது. ராஜநாயக்கன் 1771-இல் இறக்கும் வரை உபதேசியாராகவே இருந்தார். அவருடைய தாழ்மையை அன்றைக்குப் பலரும் மெச்சியிருப்பார்கள். அவர் தாழ்மையாக இருந்ததில் அதிசயம் என்ன? அவருக்கு வேறு வழி கொடுத்தார்களா? தாழ்மை தேவைப்பட்டது அவருக்கு அல்ல. பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்க மறுத்தவர்களுக்குத் தேவைப்பட்டது. மிஷனரிமாருக்கும் தேவைப்பட்டது, அதோடு கொஞ்சம் துணிவும்.

ஆரோன் அபிஷேகம் பெற்று நூறு ஆண்டு கழித்து, 1833 ஜூலையில், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சாதி வேற்றுமையைச் சபைக்குள்ளிருந்து உடனே, முழுவதுமாக, இறுதியாக விட்டொழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கடிதம் சென்னை வேப்பேரியில் வாசிக்கப்பட்டதும் நூற்றுக்கணக்கானோர் எழுந்து வெளியே போனார்கள். தஞ்சாவூரிலும் அதே கொந்தளிப்பு. சாதியாசாரம் உலக வழக்கம், அது விசுவாசத்தைத் தொடாது என்று வாதிட்டவர்களின் முன்னணியில் வேதநாயக சாஸ்திரியாரே நின்றார். எத்தனை பெரிய கவி! கிறிஸ்தவத்தைத் தமிழ்ச் சந்தத்தில் நம் நாவில் ஏற்றிய அந்தப் பெருமகனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகோதரனின் வலி கேட்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. வரம் வேறு, தாழ்மை வேறு. ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது.

வில்சன் சொன்னது சரி. ஆனால் அவர் ஆளும் இனத்தின் பேராயர், ஆணை மேலிருந்து வந்தது. அன்றைய வெள்ளைக்காரப் போதகர்களின் வீட்டு மேசையில் எத்தனை தமிழ் உபதேசிமார் சமமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? இந்தக் கேள்வியை முகத்துக்கு நேராகக் கேட்க ஒரு தமிழர் வர வேண்டியிருந்தது. அவர் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. எங்கு பார்த்தாலும் மேல்நாட்டார். 35 வயது இளைஞர் எழுந்து நின்று சொன்னார்: நீங்கள் எங்கள் ஏழைகளுக்கு உணவு கொடுத்தீர்கள், எங்களுக்காக உயிரையும் கொடுத்தீர்கள், நன்றி, ஆனால் எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள். அரங்கில் பலருக்கு முகம் சுருங்கியது. ஆனால் இரண்டே ஆண்டில், 1912-இல், அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

எனக்கு அசரியாவைப் பிடிப்பது அந்தப் பேச்சுக்காக மட்டும் அல்ல. மேலே இருந்தவர்களிடம் சமத்துவம் கேட்ட அதே மனிதர், தோர்ணக்கல்லில் போய்த் தெலுங்கு நாட்டின் மாலா, மாதிகா மக்கள் நடுவே தம் வாழ்நாளைச் செலவழித்தார். தமக்குக் கேட்டதை மற்றவர்களுக்கும் கொடுத்தார். நம்மில் பலர் முதல் பாதியை மட்டும் செய்கிறோம். அலுவலகத்தில் வெள்ளைக்காரன் நம்மைத் தாண்டிப் பதவி வாங்கினால் பாகுபாடு என்று கொதிக்கிறோம், கொதிக்க வேண்டியதுதான். அதே நாளின் மாலையில் தொலைபேசியில் சம்பந்தம் பேசும்போது என்ன கேட்கிறோம்?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவுகள் கோபிக்கக் கூடாது, உங்களிடமும் சொல்கிறேன். அமெரிக்க மிஷன் நூறு ஆண்டுக்குமேல் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் படிப்புச் சொல்லிக் கொடுத்த பூமி அது. அங்கே 1929-இல், அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று உத்தரவு வந்தபோது என்ன நடந்தது? சில பிள்ளைகள் அதுவரை தரையில் இருந்தார்கள். அவர்களும் வாங்கில் இருக்கலாம் என்றதற்காக 1930-இல் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. ஒரு பிள்ளை வாங்கில் இருந்ததற்காக! அதே நேரத்தில், அதே மண்ணில், ஹண்டி பேரின்பநாயகமும் இளைஞர் காங்கிரஸ் தோழர்களும் சம ஆசனம், சம போசனம் என்று நின்றார்கள். அவர்களில் பலர் மேலே இருந்த குடும்பங்களின் பிள்ளைகள். இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். அந்தச் சிலரால்தான் அந்தக் காலத்தை நினைக்கும்போது நாம் முழுவதுமாக வெட்கப்படாமல் இருக்கிறோம்.

கத்தோலிக்கச் சகோதரர்கள் வடக்கன்குளத்தை அறிவார்கள். 1872-இல் எழுந்த கோயில். ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள், நடுவில் சுவர். பார்த்தவர்கள் அதைக் கால்சட்டை என்றே வர்ணித்தார்கள். 1910-ஐ ஒட்டிச் சுவர் இடிக்கப்பட்டது. மறுபடி எழுப்பித் தர வேண்டும் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கிறிஸ்துவின் சபைக்கு அவருடைய போதனையை நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது இந்த மண்டபத்துக்கு வருவோம்.

நாம் சுவர் எழுப்பவில்லை. தனிப் பாத்திரம் வைக்கவில்லை. ஆனால் ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது புதிதாக வந்தவரிடம் கேட்கிறோமே, “ஊரில எவடம்?” என்று, அது முதல் கேள்வி. “எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி?” என்று அடுத்த கேள்வி. தமிழ்நாட்டுக்காரர் “எந்த சர்ச்? அப்பா பேரு என்ன?” என்று வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறார். பதில் கிடைத்ததும் சிரிப்பின் அளவு மாறுகிறது. வந்தவருக்கு அது தெரியும். தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய மாற்றம் அது. திருமண விளம்பரத்தில் கிறிஸ்தவன் என்று எழுதி, பக்கத்திலேயே சாதிப் பெயரையும் எழுதுகிறோம். வடக்கன்குளத்தின் சுவரை மடித்துக் கைப்பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்துவிட்டோம்.

புதிய கோடு ஒன்றையும் இங்கே வந்து போட்டிருக்கிறோம். விமானத்தில் வந்தவர், படகில் வந்தவர். “படகில வந்த பெடியள்” என்று சொல்லும்போது நம் குரலில் ஏதோ ஒன்று இறங்குகிறது, கவனித்திருக்கிறீர்களா? 2012-க்கும் 2013-க்கும் இடையில் படகேறி வந்த எத்தனையோ பேர் பத்தாண்டுக்கு மேலாகப் பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதியில் இருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வழி திறந்தது. விரைவு நடைமுறை என்ற பெயரில் மனு மறுக்கப்பட்டவர்களுக்கு அது திறக்கவில்லை. அவர்கள் கோழி வெட்டும் ஆலையில் நிற்கிறார்கள், இரவில் அலுவலகங்களைத் துடைக்கிறார்கள், நமக்குச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மனைவியை, பிள்ளையைப் பல வருடமாகத் திரையில் மட்டுமே பார்த்தவர்கள் அவர்களில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார்கள்.

அவர்களுக்காக நாம் நிதி திரட்டுகிறோம். பழைய உடுப்புக் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் எடின்பரோவில் அசரியா கேட்டது நினைவிருக்கிறதா? நம் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்கு அவர்களில் எத்தனை பேரை அழைத்தோம்? உதவி செய்யும்போது நம் கை மேலே இருக்கிறது, வாங்குபவன் கை கீழே இருக்கிறது. மேசையில் உட்கார்ந்தால் இரண்டு கையும் ஒரே உயரம். அதனால்தான் உதவி நமக்கு எளிதாக இருக்கிறது, விருந்து கடினமாக இருக்கிறது. இதை உணர்ந்த ஓர் ஊர் உண்டு, குயின்ஸ்லாந்தில் பிலோயலா என்ற சிற்றூர். 2018 மார்ச்சில் விடியற்காலையில் ஒரு தமிழ்க் குடும்பத்தை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனபோது, அந்த ஊர் மக்கள் நான்கு வருடம் ஓயாமல் போராடி, 2022-இல் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். தமிழ் தெரியாதவர்கள். அவர்கள் அந்தக் குடும்பத்தைப் பரிதாபப்பட்டு ஆதரித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் ஊர்க்காரரைத் திருப்பித் தாருங்கள் என்றுதான் கேட்டார்கள். நம் சபையில் கடைசி வரிசையில் இருப்பவரைப் பற்றி, எங்கள் வீட்டுக்காரர் என்று நாம் சொல்வோமா?

மார்ஸ்டனும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைதான். பிறர் உதவியில் படித்தவர்தான். ஒரு தலைமுறை ஏறியதும், கீழிருந்து வந்த இன்னொருவனோடு உட்கார அவருக்கு முடியவில்லை. நாமும் அப்படி ஏறி வந்தவர்கள். நம் தகப்பன்மார் சைக்கிளில் போனவர்கள். இங்கே வந்து வீடு வாங்கி, பிள்ளையை நுழைவுத் தேர்வுப் பள்ளியில் சேர்த்து, கொஞ்சம் மூச்சு விடுகிறோம். அந்த இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. யாக்கோபு தம் நிருபத்தில் பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம் காட்டி, ஏழையை அங்கே நில் என்று சொன்ன சபையைக் கடிந்துகொள்கிறாரே, அந்தச் சபையும் ஒருவேளை எளியவர்களால் தொடங்கப்பட்டதுதான்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வரும். நிர்வாகக் குழுவுக்குப் பெயர் முன்மொழியச் சொல்வார்கள். வழக்கம்போல மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் என்று பெயர்கள் எழும். அந்த முறை, பத்து வருடமாக நிரந்தர விசா இல்லாமல் காத்திருக்கும் ஒருவரின் பெயரை முன்மொழியுங்கள். ஆங்கிலம் வருமா என்று யோசிக்க வேண்டாம், கூட்டத்தைத் தமிழில் நடத்தலாம். இரவு வேலை என்றால் கூட்டத்தின் நேரத்தை மாற்றலாம். குழுவில் இடம் இல்லை என்றால், பல வருடமாக அதில் இருப்பவர் ஒருவர் எழுந்து, என் இடத்தை இவருக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லட்டும்.